ஹைப்-போ-க-லீ-மிக்

இந்த ஊரில் தொலைபேசியில் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டுமென்றால் ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஏ என்று சொன்னால் போதாது, ஆன்டோன் என்று சொல்ல வேண்டும். பி என்றால் பெர்ட்டா. எச் என்றால் ஹைன்ரிஷ். என் பெயர் கிரேஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குஸ்டாஃப், ரிஷார்ட், ஆன்டோன், சேசார், எமில் என்று ஐந்து பெரியவர்கள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில் மாதனூரில் பிறந்து, வேலூரில் நர்ஸிங் படித்து, மூன்று வருடமாக ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் சின்ன ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிக்கிடப்பதும் பழகிவிட்டது. இந்த ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு திரிவது மட்டும் இன்னும் விநோதமாகத்தான் இருக்கிறது.

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் வேலூரில் எட்டு மாதம் மொழி வகுப்புக்குப் போனேன். அங்கே எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. சாதாரணச் சொற்கள்தான் கஷ்டம், மருத்துவச் சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை, கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை, உலகம் முழுக்க ஒன்றுதான் என்று. எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாய்தான் வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் லேபிலிருந்து போன் வந்தது. ஒரு நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது இங்கே முறை. நான் கல்லூரியில் படித்தபடி தெளிவாக, "ஹைப்போகலீமியா" என்றேன். மறுமுனையில் இருந்தவர் "என்னது?" என்று திரும்பக் கேட்டார். பக்கத்தில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஹைக்கே, ஐம்பது வயதைத் தாண்டிய சீனியர் நர்ஸ், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெர்மன் மொழியில் 'ஹை' என்றால் சுறா மீன். 'போ' என்றால் பின்புறம். ஒரு நோயாளியின் ரத்தத்தில் சுறா மீனின் பின்புறம் இருப்பதாக நான் அறிவித்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் ஹைக்கே என்னை உட்காரவைத்து அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினாள். ஹ்யூ-போ-கா-லி-எ-மீ. ஆறு துண்டு. முதல் துண்டு நம் எழுத்தில் அடங்காது. வாயை 'உ' சொல்லக் குவித்துவைத்துக்கொண்டு, உள்ளே நாக்கால் 'இ' சொல்ல வேண்டும். அழுத்தம் கடைசித் துண்டில். வேலூரில் நாங்கள் 'லீ'யில் அழுத்துவோம், இவர்கள் 'மீ'யில் அழுத்துகிறார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. 'ஹைப்போ' என்றால் குறைவு, 'ஹைப்பர்' என்றால் மிகை. ஒரே சொல்லின் தலைப்பகுதி மாறினால் வைத்தியமே தலைகீழ். பொட்டாசியம் குறைந்தவருக்கு அதை ஏற்ற வேண்டும். மிகுந்தவருக்கு ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். நம் ஊரில் 'ஹைப்பர்' என்று ரகரத்தை நாக்கில் உருட்டி அடையாளம் காட்டிவிடுவோம். இவர்கள் அந்த ரகரத்தை விழுங்கி 'ஹ்யூப்பா' என்கிறார்கள். 'ஹ்யூப்போ', 'ஹ்யூப்பா'. போனில் இரண்டும் என் காதுக்கு ஒன்றாகவே விழும். வேலைக்கு நடந்து போகும் பாதையில் வாயைக் குவித்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினேன். எதிரே வந்தவர்கள் நான் விசிலடிக்க முயல்வதாக நினைத்திருக்கலாம். ஆறு மாதத்தில் வந்துவிட்டது. பொட்டாசியம் என்ற சொல்லே இங்கே கிடையாது, 'காலியும்' என்பார்கள். அதுவும் வந்துவிட்டது. வந்தது, பிறகு போகவில்லை. அங்கேதான் வம்பு.

என் அண்ணன் தேவகுமார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். முப்பத்தைந்து வயது, காய்ச்சல் என்று படுத்தவனில்லை. அண்ணி எஸ்தர் அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். இரண்டு பேரும் காலையில் மாதனூர் கூட்டுரோட்டில் ஒரே கம்பெனி பஸ் ஏறுவார்கள். போன வருடம் ஒருநாள் அண்ணனின் தோஸ்த் நயாஸ் வீட்டில் கல்யாணம். நயாஸும் அதே கட்டிங் பிரிவுதான். பிரியாணி, அதற்குமேல் பிரெட் அல்வா, அதற்குமேல் இன்னொரு பிளேட் பிரியாணி என்று சாப்பிட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறான். காலையில் எழுந்தால் கால் வரவில்லை. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். அண்ணி பக்கவாதம் என்று நினைத்து அழ ஆரம்பித்தாள். நயாஸ்தான் கார் கொண்டுவந்து, அவனை அலாக்காகத் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வழியிலேயே எனக்கு வீடியோ கால் வந்தது. பின் சீட்டில் அண்ணன் படுத்திருக்கிறான். முன் சீட்டிலிருந்து நயாஸ் திரும்பி அவனிடம், "இன்னாடா மச்சான், எங்க வீட்டு பிரியாணி உன் காலைப் புடுங்கிடுச்சா? வெளியில சொல்லாதடா, குடும்ப மானம் போய்டும்" என்கிறான். அவன் குரல் சிரிப்பது போலிருந்தாலும் முகம் வெளுத்திருந்தது.

பரிசோதித்ததில் பொட்டாசியம் பாதாளத்தில் இருந்தது. ஏற்றினார்கள். சாயந்திரம் அண்ணன் எழுந்து நடந்து பாத்ரூம் போனான். நோயின் பெயர் ஹைப்போகலீமிக் பீரியாடிக் பராலிசிஸ். விட்டு விட்டு வரும் வாதம். மூக்கு முட்ட மாவுப்பண்டமோ இனிப்போ தின்றுவிட்டு ஓய்வெடுத்தால் ரத்தத்திலிருக்கும் பொட்டாசியம் தசைக்குள் ஓடிவிடும், கால் கை படுத்துவிடும். சிலருக்கு இதே வாதம் பொட்டாசியம் மிகுந்தும் வரும். அதற்குப் பெயர் ஹைப்பர்கலீமிக். அதனால் டாக்டர் ஒரு அட்டையில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்து, எங்கே விழுந்தாலும் இதை முதலில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வீட்டுக்குப் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். எனக்கு டூட்டி இடைவேளை. அவசரத்தில் பேசினேன். "பயப்படாதண்ணா. உனக்கு கலியும் கம்மி, அவ்ளோதான். அதை மட்டும் குறையாம பார்த்துக்கோ." ஜெர்மன்காரர்கள் முதல் அசையை நீட்டி 'காலியும்' என்பார்கள். என் வாயில் அது குறுகி 'கலியும்' ஆகியிருந்தது. தமிழ் பேசும்போது பொட்டாசியம் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் 'சரி பாப்பா' என்று வைத்துவிட்டான். நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்களில் அண்ணி செய்தது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் வார்டில் இருந்த பயிற்சி டாக்டரைப் பிடித்து, அட்டையில் இருந்த பெயரை மூன்று தடவை படிக்கச் சொல்லி, தமிழில் எழுதிக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுப் பிரித்திருக்கிறாள். ஹைப் / போ / க / லீ / மிக். தினமும் கம்பெனி பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்ப்பாள். பக்கத்து சீட்டுப் பெண்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருத்தி பின்னாலிருந்து, "எஸ்தரு, உங்க வூட்டுக்காரரு எப்படிகீறாரு, அந்த லீமிக்கு?" என்று விசாரிப்பாளாம். என்னிடம் வீடியோ காலில் ஒப்பித்துக் காட்டினாள். நான் பெரிய மேதாவியாக வாயைக் குவித்து, "அண்ணி, அது ஹ்யூப்போ" என்று திருத்தினேன்.

"டாக்டரு ஹைப்போன்னுதான் சொன்னாரு."

"இங்க ஹ்யூப்போன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப உங்க ஆஸ்பத்திரில தப்பா சொல்றாங்க பாப்பா. சொல்லிக்குடு அவங்களுக்கு" என்றாள். பிறகு, "எனக்கு அந்த வாயைக் குவிக்கற மூஞ்சியெல்லாம் வேணாம். போவா, பர்ரா, அதுதான் முக்கியம். லெஃப்ட்டையும் ரைட்டையும் மாத்தித் தைச்சா ஒரு ஜோடியே ரிஜெக்ட்டு. இதுவும் அப்படித்தான். போன்னா கம்மி. பர்ருன்னா ஜாஸ்தி. நம்மளுது கம்மி" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, நெமிலியில் அண்ணியின் தம்பி கட்டிய புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். எல்லோருக்கும் பிரியாணி. அண்ணன் இலையில் பிரியாணி விழவிடவில்லை. அவனுக்காகத் தனியாகச் செய்து கொண்டுபோயிருந்த சாப்பாட்டைத் தின்றுவிட்டு, உள்ளறையில் போய்ப் படுத்திருக்கிறான். நாலு மணிக்கு விழித்தபோது இரண்டு காலும் இல்லை. வலது கையும் பாதிதான் வந்தது. அட்டை மாதனூரில், வேலைக்குப் போடும் சட்டைப் பையில். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் வந்த வினை.

தம்பியும் உறவுக்காரர்களும் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த சின்ன நர்ஸிங் ஹோமுக்குப் போனார்கள். அங்கே டூட்டியில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர். பக்கவாதமாக இருக்கும், உடனே வேலூர் கொண்டுபோங்கள் என்று அவர் கடிதம் எழுத ஆரம்பித்தபோது அண்ணி எனக்குப் போன் செய்தாள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஊழியர் அறையில் ஹைக்கேயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

"பாப்பா, அவருக்கு மறுபடியும் காலு போய்ட்டுது. நீ டாக்டர்கிட்ட சொல்லு. நான் சொன்னா யார் கேக்கறாங்க" என்று அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பத்து வருடம் நர்ஸாக இருந்தவள். யார் யாருடைய வீட்டுக்காரர்களையோ அமைதிப்படுத்தியவள். என் அண்ணன் என்றதும் டாக்டர் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தேன். "டாக்டர், நான் பேஷன்டோட சிஸ்டர். ஸ்டாஃப் நர்ஸ். அவருக்கு ஏற்கெனவே டயக்னோஸ் ஆயிருக்கு. ஹ்யூப்போகலியெமிஷ..."

"என்ன மேடம்?"

"ஹ்யூப்போ. ஹ்யூப்போகலியெமி."

எதிரே ஹைக்கே தலையை ஆட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்ததாம். அங்கே டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மேடம், லைன் கிளியரா இல்ல. ஹைப்பரா? ஹைப்பர்கலீமியான்னா சொல்றீங்க?"

இல்லை என்று சொல்ல வேண்டும். 'ஹைப்போ' என்று ஒரே ஒரு சொல். கல்லூரியில் நாலு வருடம், வேலூர் வார்டுகளில் ஏழு வருடம் சொன்ன சொல். வாயைத் திறந்தால் உதடு தானாகக் குவிகிறது. பதற்றத்தில் நாக்கு அது கடைசியாகப் பழகிய வழியிலேயே ஓடியது. "நைன், நைன்" என்றேன். ஜெர்மனில் அதற்கு இல்லை என்று பொருள். அந்த டாக்டருக்கு அது ஒன்பது என்று கேட்டிருக்கும். பொட்டாசியம் ஒன்பது என்றால் உயிருக்கே ஆபத்து. "நைனா?" என்று அவர் குரல் மாறியது எனக்குக் கேட்டது.

அப்போது அண்ணியின் குரல் வந்தது. அழுகை இல்லை. கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிறவளின் குரல். "சார், அதை வுடுங்க சார். நான் சொல்றேன், எழுதிக்குங்க. ஹைப். போ. க. லீ. மிக். பர்ரு இல்ல சார், போ. ஜாஸ்தி இல்ல, கம்மி. பொட்டாசியம் கம்மி. பீரி-யாடிக் பரா-லிசிஸ். வேலூர்ல பார்த்து எழுதிக் குடுத்திருக்காங்க. அட்டை வூட்ல கீது, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்."

பிறகு டாக்டர், "ஹைப்போகலீமிக் பீரியாடிக் பராலிசிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். கேள்வி இல்லை அது. பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு முறை படித்ததை நேரில் பார்க்கிறவரின் குரல். "இசிஜி எடுங்க" என்று யாரிடமோ சொன்னார். அவர் எங்கள் வார்த்தையை மட்டும் நம்பி மருந்து ஏற்றவில்லை. அதுதான் சரி. இசிஜி எடுத்தார், ரத்தத்தை அவசரமாகப் பார்க்கச் சொன்னார், வேலூருக்குப் போன் போட்டுக் கேட்டார். எல்லாம் அண்ணி சொன்னதோடு ஒத்துப்போனது. பொட்டாசியத்தைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸில் கூடவே ஒரு நர்ஸை ஏற்றி வேலூருக்கு அனுப்பினார். ராணிப்பேட்டையைத் தாண்டும்போது அண்ணனுக்கு வலது கை மடங்கியதாம்.

நான் ஊழியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். ஹைக்கேயிடம் என்ன நடந்தது என்று சொல்ல நெடுநேரம் ஆனது. அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "நான் சரி என்றேனே" என்றாள். "சரிதான், ஊர்தான் வேறு" என்றேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மறுநாள் வேலூரில் டயட்டீஷியன் அண்ணனின் படுக்கையருகே உட்கார்ந்து, தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். அண்ணி பெருமையாகச் சொன்னாள். "சோறு கம்மி பண்ணிட்டோம் மேடம். பிரியாணி தொடறதே இல்ல. மூணு வேளையும் கேவுரு களிதான்."

"மூணு வேளையும் களியா? யாரு சொன்னா?"

"என் நாத்தனார்தான். ஜெர்மனில நர்ஸு. டாக்டரு பொட்டாசியம் கம்மின்னாரு. பாப்பா, உனக்குக் களியும் கம்மி, குறையாம பார்த்துக்கோன்னுச்சு."

நெமிலியில் அவனுக்காகத் தனியாகச் செய்து கொண்டுபோன சாப்பாடு எது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரே பிரியாணி தின்ன, அவன் ஒருவன் மட்டும் பத்தியமாக, பெரிய பெரிய மூன்று உருண்டை களி தின்றுவிட்டுப் படுத்திருக்கிறான். களி முழுக்க மாவு. வேண்டாம் என்று சொன்னதையே வேறு பெயரில் வயிறு நிறைய ஏற்றியிருக்கிறோம். குறில் நெடில் மாறியது, லகரம் ளகரமாகக் கேட்டது, கடைசியில் ஒரு 'உம்' வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் மதிப்பெண்தான் போகும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணனைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்க வரவில்லை. அவன் சிரித்துக்கொண்டே, "நீ இன்னா பண்ணுவ பாப்பா. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஜெர்மனில எப்படிக் களியப் பத்திப் படிச்சாங்கன்னு. சரி, வெளிநாட்டு வைத்தியம்னு வுட்டுட்டேன்" என்றான். பக்கத்தில் நயாஸ் இருந்திருக்கிறான். போனைப் பிடுங்கி, "கிரேஸு, ஒண்ணு மட்டும் சொல்லு. இப்பவாவது எங்க பிரியாணி மேல தப்பில்லன்னு ஒத்துக்கறியா? ஒன்றரை மாசமா என்னைப் பேஜார் பண்ணிட்டான் உங்கண்ணன்" என்றான். பிரியாணிமீதும் தப்பிருக்கிறது என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மாதனூர் போனேன். அண்ணனுக்கு அதன்பிறகு ஒருமுறையும் வரவில்லை. மாத்திரை போடுகிறான், அளவாகச் சாப்பிடுகிறான், உருண்டை எண்ணிக் களி தின்கிறான். செக்கப்புக்கு மூன்று பேரும் வேலூர் போனோம். குறிப்பெடுத்த நர்ஸிங் மாணவி ஒருத்தி என்ன நோய் என்று கேட்டாள். நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். நான் மூடிக்கொண்டேன். அண்ணி சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே, "அக்கா, நீங்க ஸ்டாஃபா?" என்று அவளைக் கேட்டாள். அண்ணி வீடு வந்து சேரும்வரை நாலைந்து தடவை அதைச் சொல்லிச் சிரித்தாள்.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். கூட்டுரோடுவரை கூட நடந்தேன். ஆம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து வைத்திருந்த புது அட்டைகளை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். சட்டைக்கு ஒன்று, பர்ஸுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. முதல் வரி ஆங்கிலத்தில். இரண்டாவது வரி தமிழில், அண்ணி போட்ட அதே கோடுகளோடு. அதற்குக் கீழே இன்னொரு வரி.

"இது இன்னா மூணாவதா?" என்றான் அண்ணன்.

"ஜெர்மன். எப்பவாவது எங்க ஊருக்கு வந்தா அங்க அப்படித்தான் சொல்லணும்."

அவன் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினான். "எங்க ஊரா?"

அப்போதுதான் எனக்கே கேட்டது. ஹைக்கேயின் மொழியில் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அங்கே 'நம்ம', 'எங்க' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில்தான் 'நம்ம' என்றால் கேட்பவரும் உள்ளே, 'எங்க' என்றால் அவர் வெளியே. என் கூடப்பிறந்தவனைப் பார்த்து, பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, எங்க ஊர் என்று இன்னொரு ஊரைச் சொல்லியிருந்தேன்.

"வாயில வந்தது. வுடேன், அதைப் போய்ப் பெருசா" என்று அண்ணி அவன் முழங்கையைத் தட்டினாள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. உள்ளேயிருந்த பெண்கள் எனக்குக் கை காட்டினார்கள். அண்ணி ஏறினாள். அண்ணன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினான்.

"பாப்பா, அடுத்த தபா எப்ப வர்ற, நம்-ம ஊருக்கு?"

அண்ணி பென்சிலால் கோடு போட்டது போல அந்தச் சொல்லை நடுவில் உடைத்து, இரண்டு துண்டாக நிறுத்திச் சொன்னான். கோபமில்லை. புரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிற மாதிரி. "வர்றேண்ணா" என்றேன். பஸ் ஆம்பூர்ப் பக்கம் திரும்பி மறைந்தது. மூன்று மணிக்கு எனக்குச் சென்னைக்கு வண்டி. சாலையோரம் நின்று 'நம்ம ஊரு', 'எங்க ஊரு' என்று மெதுவாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் வாயில் தடங்கலில்லாமல் வந்தன.